பித்தளை வில்லை

இத்தாலியில் வார்த்தது.
ஆமர் வீதி அறையில் என் மேசைமேல் கிடக்கிறது,
நூற்றறுபது வருடம் பிந்திப் பிறந்த
கரிமருந்து ரிவோல்வர்.
குழலுக்குள் எஃகு முளை அறைந்து அடைத்தாயிற்று.
அதற்கொரு கடிதம்,
கடிதத்தில் மூன்று முத்திரை,
ஒன்று தலைகீழ்.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு.
காப்பித் தோட்டத்துத் துரை
இதை மேசையில் வைப்பார்.
சுடமாட்டார்.
வைத்துவிட்டுப் பேரேட்டைத் திறப்பார்,
அவ்வளவுதான் காட்சி.
"கிட்டத்தில் எடுக்கிறம்" என்றார் நெறியாளர் சுரங்க.
"கைப்பிடியில என்ன அந்தக் கோடு?"

மரம் பித்தளையைத் தாண்டி
நகத்தின் தடிப்புக்கு முந்தி நிற்கிறது.
விரலை ஓட்டினால் படி தட்டுகிறது.

இது லேசு.
மெழுகுதிரிப் புகையில் உலோகத்தைக் காட்டி
மரத்தை அதன்மேல் அழுத்தி எடுத்தால்
முட்டுகிற இடம் மட்டும் கறுத்திருக்கும்.
அதைச் சுரண்டு. மறுபடி புகை. மறுபடி அழுத்து.
நள்ளிரவில் மெழுகுதிரி தீர்ந்தது,
கைப்பையிலிருந்து கண்மையை எடுத்தேன்.
இத்தனை கவனமாக
என் கண்ணுக்கே பூசியதில்லை.

வில்லங்கம் உருளையில்.
ஆப்பைத் தளர்வாய்ச் செருகினால்
ஆறு அறையும் சுழலும்,
குழல் விழப்போகும் பல்போல ஆடும்.
ஆப்பைத் தட்டி இறக்கினால்
குழல் அசையாது,
உருளையும் அசையாது.
இரண்டு நாள் ஆப்பை அராவினேன்.
ஆப்பு மெலிந்தது, நானும்.
உருளையின் முகத்தையே தேய்க்கலாமென்று
உப்புத்தாளைக் கிழித்துவிட்டு
ஏனோ நிறுத்தினேன்.

நடு அச்சு போய் உட்காரும் குழிக்குள்
ஒரு மிளகளவு புட்டியை வைத்தேன்.
பூட்டினேன். கழற்றினேன்.
புட்டி வைத்தபடியே இருந்தது,
நசுங்கவே இல்லை.

அச்சு அடியைத் தொடுவதே இல்லை!
அடியில் தாங்க ஒன்றுமில்லாததால்
ஆப்பு அடிக்க அடிக்கக்
குழல் பின்னால் வந்து
உருளையின் கழுத்தைப் பிடிக்கிறது.
இத்தனை இறுக்கமும்
உள்ளே கிடந்த ஒரு வெறுமையால்.

பஞ்சிகாவத்தைக்கு ஓட்டோ பிடித்தேன்.
சந்தியில் முன்பு சோதனைச் சாவடி நின்ற இடத்தில்
அன்னாசி வெட்டி விற்கிறார்கள்.
ஓட்டோ மெதுவானதும்
கை தானாக அடையாள அட்டையைத் தேடியது.
அன்று அந்த இடத்தில் என் பையைக் கவிழ்த்தபோது
விழுந்தவை
இரசாயனவியல் கொப்பி, இடியப்பப் பொட்டலம்.
கடிதம் இருக்கவில்லை.
இன்று கடிதம் இருக்கிறது,
கேட்பதற்குத்தான் ஆளில்லை.

பைரூஸ் கடையில் காபரேட்டர் சாமான் டப்பாவைக் கொட்டி
மெல்லிய பித்தளை வில்லை ஒன்றைப் பொறுக்கித் தந்தான்.
"எந்த வாகனத்துக்கு மிஸ்?"
"குதிரைக்கு" என்றேன்.
சிரித்துவிட்டு இருபது ரூபாய் எடுத்தான்.

வில்லையைக் குழிக்குள் போட்டு
ஆப்பைக் கட்டைவிரலால் தள்ளினேன்.
குழல் நின்றது.
உருளை சுழன்றது, ஆறு முறை,
ஒவ்வொரு சொடுக்கும் தனித்தனியாக.
பிறகும் இரண்டு தரம் சுழற்றினேன்,
தேவையில்லாமல்.

வெள்ளி.
துரையாக நடிப்பவர் பாணந்துறையில் வங்கி மனேஜர்.
கையில் எடுத்து, "பாரம்" என்றார்.
மேசையில் வைத்தார். சத்தம் நன்றாக வந்தது.
பேரேட்டைத் திறந்தார்.

பக்கம் முழுக்க ராமசாமி.
முப்பத்திரண்டு வரியிலும் ராமசாமி,
ஒரே கையெழுத்து, ஒரே அவசரம்.

"கெமரா அங்க போகாது" என்றான் கலைப்பகுதிப் பையன்.
நெறியாளரிடம் பத்து நிமிடம் கேட்டேன்.
துப்பாக்கியில் ஏதோ பிழையென்று நினைத்துத் தந்துவிட்டார்.
துரையின் நாற்காலியில் உட்கார்ந்து
ரிவோல்வரைத் தள்ளி வைத்துவிட்டு
மை தொட்டு
இரண்டாம் வரியிலிருந்து அடித்துத் திருத்தினேன்:
சடையம்மை. வீரபுத்திரன். மூக்காயி.
குழந்தை, பெயரிடவில்லை.